சொல் பொருந்தினால் போதுமா? ஆவணத் தேடலில் பொருளையும் சேர்ப்பது எப்படி

ஒரு நிறுவனத்தில் விதிமுறைகள், சுற்றறிக்கைகள் என்று ஆயிரம் ஆவணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் ஒருவர் தேடல் பெட்டியில் "வேலையை விட்டால் பாக்கி சம்பளம் எப்போது கிடைக்கும்" என்று தட்டுகிறார். பதில் உள்ளேதான் இருக்கிறது, "பணி விலகுவோருக்கு நிலுவை ஊதியப் பட்டுவாடா" என்ற சுற்றறிக்கையில். ஆனால் அவர் தட்டிய சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அவருக்கு வேலை, அவர்களுக்குப் பணி. அவருக்குப் பாக்கி, அவர்களுக்கு நிலுவை. சம்பளம் அங்கே ஊதியம். சொல்லைச் சொல்லோடு மட்டும் ஒப்பிடுகிற தேடுபொறிக்கு இது எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு "புதிய அடையாள அட்டை எப்போது கிடைக்கும்" என்ற அறிவிப்பை முதலில் கொண்டுவந்து வைக்கும், ஏனென்றால் அதில் இரண்டு சொல் அச்சு அசலாகப் பொருந்துகிறது.

இதில் தேடியவர் மேலும் தப்பில்லை, எழுதியவர் மேலும் தப்பில்லை. மனிதர்கள் பேசுவதே அப்படித்தான். 1987ல் ஜார்ஜ் ஃபர்னாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் தாமாகவே ஒரே பெயரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரியவந்தது. அதாவது, தேடுபவரும் எழுதியவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவார்கள் என்று நம்பி ஒரு தேடுபொறியைக் கட்டினால், பல நேரம் அது தோற்கத்தான் செய்யும்.

சரி, அப்படியென்றால் சொல் பொருத்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பொருளைப் புரிந்துகொள்ளும் புதிய மாடல்களுக்கு, அதாவது ஏராளமான எழுத்தைப் படித்துப் பயிற்சி பெற்ற கணினி நிரல்களுக்கு, மொத்தமாக மாறிவிடலாமே என்று தோன்றும். நிறையப் பேர் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், செய்துவிட்டுக் கொஞ்ச நாளில் "முன்பு கிடைத்த ஆவணம் இப்போது கிடைக்கவில்லையே" என்ற புகாரை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு முறையும் தோற்கிற இடம் வேறு வேறு, அதனால்தான் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் லாபம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் பழைய முறையை ஒழுங்காகப் பார்த்துவிடலாம், அதற்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சொல் பொருத்தம் உண்மையில் என்ன செய்கிறது

கணினி ஒவ்வொரு தேடலுக்கும் ஆயிரம் ஆவணங்களையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்ப்பதில்லை. ஆவணங்களைச் சேர்க்கும்போதே, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்கிறது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரிதான். "நிலுவை" என்று கேட்டால் நேரே அந்தச் சொல்லின் பட்டியலுக்குப் போய் 12, 88, 431 என்று ஆவண எண்களை எடுத்துவிடும். கோடிக்கணக்கான ஆவணங்கள் இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் பதில் வருவதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் எதை முதலில் காட்டுவது? 1972ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் ஒரு எளிய யோசனையைச் சொன்னார்: எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்பு கம்மி, ஒரு சில ஆவணத்தில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆயிரம் ஆவணங்களில் "பணி" என்ற சொல் 400ல் வருகிறது, "பட்டுவாடா" 4ல்தான் வருகிறது என்றால், மொத்தத்தை வரும் எண்ணிக்கையால் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் முதலாவதுக்குச் சுமார் 0.9, இரண்டாவதுக்குச் சுமார் 5.5. ஆறு மடங்கு வித்தியாசம். இதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, வெறும் எண்ணிக்கையிலிருந்தே எது முக்கியமான சொல் என்று கணினிக்குத் தெரிந்துவிடுகிறது.

இதன் மேல் 1990களில் ஸ்டீபன் ராபர்ட்சனும் அவருடைய குழுவும் கட்டியதுதான் பிஎம்25 என்ற சூத்திரம். இன்றைக்கும் லூசீன், எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள்களில் வேறு எதையும் மாற்றாவிட்டால் இதுதான் ஓடுகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு சொல் ஒரு ஆவணத்தில் பத்து முறை வந்தால் அதற்குப் பத்து மடங்கு மதிப்பெண் கிடையாது. வழக்கமான அமைப்பில், ஆவணம் சராசரி நீளம் உள்ளது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை வந்தால் 1, இரண்டு முறை வந்தால் 1.375, பத்து முறை வந்தால் 1.96, நூறு முறை வந்தாலும் 2.2ஐத் தாண்டாது. ஒரே சொல்லைத் திணித்துத் திணித்து எழுதி ஏமாற்ற முடியாது. நீளமான ஆவணங்களில் எல்லாச் சொல்லும் தற்செயலாகவே வந்துவிடும் என்பதால் நீளத்துக்கும் கொஞ்சம் கழித்துக்கொள்கிறது. இவ்வளவும் பழைய கணினியில்கூட ஓடும், எந்தப் பயிற்சியும் தேவையில்லை, ஏன் இந்த ஆவணம் முதலில் வந்தது என்று கேட்டால் சொல்லுக்குச் சொல் கணக்குக் காட்டவும் முடியும்.

ஆனால் பாக்கியும் நிலுவையும் ஒன்றுதான் என்று மட்டும் இதற்குத் தெரியவே தெரியாது.

அகராதியை வைத்துச் சமாளிப்பது

முதலில் எல்லோருக்கும் தோன்றும் தீர்வு, ஒத்த சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடுவது. "சம்பளம்" என்று தேடினால் "ஊதியம்" என்பதையும் சேர்த்துத் தேடு. இதற்காகவே தயாரித்ததல்ல என்றாலும், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985ல் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய வேர்ட்நெட் என்ற ஆங்கிலச் சொல்வலையை இப்படிப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் பலர். 1994ல் எலன் வோர்ஹீஸ் அதை வைத்துச் செய்த சோதனைகளில், ஏற்கெனவே விரிவாக எழுதப்பட்ட கேள்விகளுக்குப் பெரிய முன்னேற்றம் எதுவும் கிடைக்கவில்லை.

ஏன் என்று கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். "படி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பயணப்படியில் அது பணம், மாடிப்படியில் அது கல், "சொன்னபடி" என்பதில் அது விதம், "பாடத்தைப் படி" என்பதில் அது கட்டளை, பழைய அளவைகளில் அது தானியம் அளக்கும் பாத்திரம். அகராதி ஐந்து அர்த்தத்துக்கும் ஒத்த சொற்களை அள்ளிக் கொடுக்கும், தேடுபொறி ஐந்தையும் சேர்த்துத் தேடும். பயணப்படி கேட்டவருக்கு வாசிப்பு, படிக்கட்டு, மரக்கால் எல்லாம் வந்து சேரும். கிடைக்காதது கிடைக்க ஆரம்பிக்கும், ஆனால் வேண்டாததும் கூடவே வந்து குவியும்.

அதற்காக இதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். உங்கள் துறைக்கு மட்டும் பொருந்துகிற, நீங்களே உட்கார்ந்து எழுதிய ஐம்பது நூறு ஜோடிகள் கொண்ட சின்னப் பட்டியல், பெரிய மாடலை விட நன்றாக வேலை செய்வது உண்டு. "லீவு, விடுப்பு", "பிஎஃப், வருங்கால வைப்பு நிதி" மாதிரி. ஒரு மதியத்தில் முடிந்துவிடும் வேலை.

சொல்லை எண்ணாக மாற்றுவது

இப்போது விஷயத்துக்கு வருவோம். கீழே ஒரு காலியிடம் இருக்கிறது, அதில் எந்தச் சொல் பொருந்தும் என்று பாருங்கள்.

இந்த மாத ______ இன்னும் வரவில்லை.
______ உயர்வு கேட்டுப் போராடினார்கள்.
______ பிடித்தம் செய்ததற்கு ரசீது இல்லை.

மூன்றிலும் "சம்பளம்" என்பதைக் கொஞ்சம் வளைத்துப் போடலாம், "ஊதியம்" என்பதையும் போடலாம். "படிக்கட்டு" என்பதைப் போட முடியாது. அர்த்தம் என்னவென்றே தெரியாத ஒரு இயந்திரம்கூட, கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்து, எந்தச் சொல் எந்தச் சொற்களுக்கு நடுவில் வருகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டே வந்தால், சம்பளமும் ஊதியமும் ஒரே மாதிரியான அண்டை அயலில் குடியிருக்கின்றன என்று கண்டுபிடித்துவிடும். மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1950களில் சொன்ன கருத்து இது. 1990ல் ஸ்காட் டீர்வெஸ்டர் குழு, சொற்களும் ஆவணங்களும் கொண்ட பெரிய அட்டவணையை கணிதத்தால் சுருக்கி இதைத் தேடலுக்குப் பயன்படுத்திக் காட்டியது. 2013ல் கூகுளில் தாமஸ் மிக்கோலவ் குழு வெளியிட்ட வேர்ட்2வெக் இதைப் பரவலாக்கியது. சுமார் 10,000 கோடி சொற்கள் கொண்ட செய்திகளைப் படிக்கவைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் 300 எண்கள் கொண்ட ஒரு வரிசையைக் கொடுத்தார்கள். அந்த எண் வரிசைக்குத்தான் வெக்டர் என்று பெயர், எம்பெடிங் என்றும் சொல்வார்கள்.

அந்த 300 எண்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அர்த்தம் தேடாதீர்கள், முதல் எண் பணத்தைக் குறிக்கும், இரண்டாவது நேரத்தைக் குறிக்கும் என்றெல்லாம் கிடையாது. இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள கோணம் மட்டும்தான் பார்க்க வேண்டியது. ஒரே திசையில் இருந்தால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0க்குப் பக்கத்தில். இதை கொசைன் ஒற்றுமை என்கிறார்கள்.

வேர்ட்2வெக்கில் "படி" பிரச்சினை அப்படியே இருந்தது, ஏனென்றால் ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு வெக்டர்தான், ஐந்து அர்த்தமும் ஒன்றாகக் கலந்து ஒரு சராசரியாக நிற்கும். 2018ல் வந்த பெர்ட் போன்ற மாடல்கள் இதை மாற்றின. அவை முழு வாக்கியத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் வெக்டர் கொடுக்கும், ஆகவே மாடிக்குப் பக்கத்தில் இருக்கும் படியும் பயணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படியும் வேறு வேறு இடத்துக்குப் போய்விடும். 2019ல் கூகுள் தன் தேடலிலேயே பெர்ட்டைச் சேர்த்தது.

ஆனால் பெர்ட்டை அப்படியே ஆவணத் தேடலுக்குப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல். இரண்டு வாக்கியங்களை ஜோடியாக உள்ளே கொடுத்து "இவை எவ்வளவு நெருக்கம்" என்று கேட்டால் அருமையாகச் சொல்லும், ஆனால் 10,000 வாக்கியங்களில் மிக நெருக்கமான ஜோடியைக் கண்டுபிடிக்கச் சுமார் 5 கோடி ஜோடிகளை ஓட்ட வேண்டும், அதற்கு 65 மணி நேரம் ஆகும். அதே 2019ல் நில்ஸ் ரைமர்ஸும் இரினா குரேவிச்சும் வெளியிட்ட சென்டென்ஸ்-பெர்ட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனியாக ஒரே ஒரு வெக்டர் எடுத்து வைத்துக்கொள்ளலாம், அப்புறம் கோணத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். அதே வேலை 5 வினாடியில் முடிந்தது. இன்றைய பொருள் தேடல் முழுக்க இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது: ஆவணங்களுக்கெல்லாம் முன்கூட்டியே வெக்டர் எடுத்துச் சேமித்துவிடு, கேள்வி வந்ததும் அதற்கு ஒரு வெக்டர் எடு, பக்கத்தில் இருப்பவற்றைக் கொடு. ஆவணங்கள் லட்சக்கணக்கில் போனால் எல்லாவற்றோடும் ஒப்பிடாமல் ஏறக்குறைய நெருக்கமானவற்றை வேகமாகப் பிடிக்கும் எச்என்எஸ்டபிள்யூ போன்ற முறைகள் உண்டு, சில ஆயிரம் ஆவணங்கள்தான் என்றால் அதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம்.

இந்த முறையில் நம் ஊழியரின் கேள்வியும் அந்தச் சுற்றறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். பொதுச் சொல் ஒன்றுகூட இல்லாமலே.

பொருள் தேடல் சறுக்குகிற இடங்கள்

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு இயந்திரத்தின் கையேடுகளில் "பிழை எண் 4012" என்று தேடிப் பாருங்கள். பொருள் தேடலுக்கு 4012, 4021, 4102 எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், எல்லாமே பிழை எண்ணைப் பற்றிய பத்திகள், எல்லாமே ஒரே நடையில் எழுதியவை. 4021க்கான தீர்வை முதலிடத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும். சொல் பொருத்தத்துக்கு இதில் குழப்பமே கிடையாது, 4012 என்ற சொல் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். அரசாணை எண்கள், மருந்துப் பெயர்கள், உதிரி பாகங்களின் எண்கள், ஆள் பெயர்கள், நேற்றுதான் உருவாகி மாடலின் பயிற்சியில் இல்லாத புதுச் சொற்கள், எல்லாம் இந்த ரகம்.

இன்னொன்று, எதிர்ச்சொல். "விண்ணப்பம் ஏற்கப்பட்டது", "விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது". மேலே காலியிடத்தை வைத்து நாம் பார்த்த அதே தர்க்கப்படி, இந்த இரண்டு சொற்களும் ஒரே அண்டை அயலில்தான் குடியிருக்கின்றன! ஆகவே வெக்டர்களும் நெருக்கமாகவே வந்து நிற்கும். "இல்லை", "அல்லாத", "தவிர" போன்ற மறுப்புகளிலும் இதே தடுமாற்றம் உண்டு. வாக்கிய மாடல்களில் இது குறைந்திருக்கிறதே தவிர ஒழியவில்லை.

மூன்றாவது, பழக்கமில்லாத துறை. 2021ல் நந்தன் தாக்கூர் உள்ளிட்டோர் பெயிர் என்ற ஒப்பீட்டை வெளியிட்டார்கள். மருத்துவம், நிதி, அறிவியல் என்று வேறு வேறு வகையான 18 தரவுத் தொகுப்புகளில், மாடல்களுக்குப் புதிதாக எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் தேடவைத்துப் பார்த்தால், அன்றைய வெக்டர் மாடல்கள் பலவும் பழைய பிஎம்25ஐத் தாண்டத் திணறின. அதற்குப் பிறகு மாடல்கள் நிறைய முன்னேறியிருக்கின்றன, உண்மைதான், ஆனாலும் உங்கள் ஆவணங்கள் எந்த ரகம் என்று மாடலைச் செய்தவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று, எனக்குப் பெரிதாகப் படுவது: பொருள் தேடல் "கிடைக்கவில்லை" என்று சொல்லவே சொல்லாது. எதைக் கேட்டாலும், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், இருப்பதில் நெருக்கமான பத்தைக் கொண்டுவந்து நீட்டும். சொல் பொருத்தம் வெறுங்கையை விரிக்கும்போது அதுவும் ஒரு தகவல்தான், அந்தத் தகவல் இங்கே இல்லாமல் போகிறது.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது

ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் அனுப்பு, இரண்டு பட்டியலையும் வாங்கு, ஒன்றாக்கு. ஒன்றாக்குவதில்தான் சூட்சுமம். பிஎம்25 கொடுக்கும் மதிப்பெண் 3 ஆகவும் இருக்கும், 27 ஆகவும் இருக்கும், கேள்வியில் சொற்கள் கூடக்கூட அதுவும் கூடும். கொசைன் மதிப்பெண்ணோ பெரும்பாலும் 0க்கும் 1க்கும் நடுவே அடங்கிவிடும், அதிலும் பல மாடல்களில் எல்லா ஆவணமும் ஒரு சின்ன இடைவெளிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். இந்த இரண்டையும் அப்படியே கூட்டினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.

அதனால் மதிப்பெண்ணை மறந்துவிட்டு எத்தனையாவது இடம் என்பதை மட்டும் பார்க்கலாம் என்று 2009ல் கோர்மக், கிளார்க், ப்யூட்ஷர் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு பட்டியலிலும் ஆவணம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதோடு 60ஐக் கூட்டி, 1ஐ அதனால் வகுத்து, இரண்டு பட்டியலிலும் வந்ததைக் கூட்டிவிட வேண்டும். ஆர்ஆர்எஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

சுற்றறிக்கை அ, சொல் பட்டியலில் 1வது, பொருள் பட்டியலில் 8வது: 1/61 + 1/68 = 0.0311.
சுற்றறிக்கை ஆ, சொல் பட்டியலில் 3வது, பொருள் பட்டியலில் 2வது: 1/63 + 1/62 = 0.0320.
சுற்றறிக்கை இ, பொருள் பட்டியலில் 1வது, சொல் பட்டியலில் இல்லவே இல்லை: 1/61 = 0.0164.

ஆ முதலிடம். இரண்டு பக்கமும் ஓரளவு நல்ல இடம் பிடித்தது, ஒரு பக்கம் மட்டும் முதலிடம் பிடித்ததை முந்துகிறது, இது நமக்கு வேண்டியதுதான். ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது, பெரும்பாலான அறிமுகங்கள் இதைச் சொல்வதில்லை. இரண்டு பட்டியலிலும் 40வது இடத்தில் கிடக்கும் ஒரு சுமாரான ஆவணத்துக்கு எவ்வளவு வரும்? 1/100 + 1/100 = 0.02. அதாவது, ஒரு பட்டியலில் முதலிடம் பிடித்த இ ஆவணத்தை அது முந்திவிடும்! நம் ஊழியரின் கேள்வியை நினைத்துப் பாருங்கள், அங்கே சரியான பதில் இ மாதிரிதான், பொருள் பட்டியலில் மட்டும்தான் வரும். எனவே ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எத்தனை ஆவணம் எடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள், முதல் 20 எடுப்பதற்கும் முதல் 200 எடுப்பதற்கும் முடிவு மாறும். 60 என்ற எண்ணையும் குறைத்துப் பார்க்கலாம். 10 ஆக வைத்தால் இ ஆவணத்துக்கு 1/11, அதாவது 0.091, 40வது இடத்து ஆவணத்துக்கு 2/50, அதாவது 0.04. நிலைமை தலைகீழாகிவிடுகிறது.

மதிப்பெண்களை 0 முதல் 1 வரை என்று சமன்படுத்திவிட்டு, இதற்கு இத்தனை பங்கு அதற்கு இத்தனை பங்கு என்று கூட்டும் வழியும் உண்டு. சோதித்துப் பார்க்கக் கையில் கேள்விகள் இருந்தால் அது ஆர்ஆர்எஃப்பை விட நன்றாகவே அமையலாம். எதுவும் இல்லாமல் இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றால் ஆர்ஆர்எஃப் போதும்.

இதற்கு மேல் ஒரு படி ஏறலாம். மேலே சொன்னோமே, ஜோடியாகக் கொடுத்தால் பெர்ட் அருமையாக மதிப்பிடும், ஆனால் மெதுவாக ஓடும் என்று. ஆயிரம் ஆவணத்தையும் அப்படி ஓட்ட முடியாது, ஆனால் இரண்டு முறைகளும் சேர்ந்து பொறுக்கித் தந்த முதல் 50ஐ மட்டும் ஓட்டலாமே? கேள்வியையும் ஒவ்வொரு ஆவணத்தையும் ஜோடியாகக் கொடுத்து மறுபடி வரிசைப்படுத்தினால் முதல் ஐந்து இடங்களின் தரம் பெரும்பாலும் நன்றாக உயரும். ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது மாதிரியான குழப்பங்களும் கொஞ்சம் தெளியும்.

தமிழ் ஆவணங்கள் என்றால்

தமிழில் சொல் பொருத்தம் ஆங்கிலத்தை விடச் சீக்கிரமே நொண்டும். ஊழியர், ஊழியருக்கு, ஊழியர்களுக்கான, ஊழியராலும், எல்லாம் கணினிக்குத் தனித்தனிச் சொற்கள். விகுதிகளை வெட்டி வேரை எடுக்கும் நிரலை இடையில் வைத்தே ஆக வேண்டும், ஸ்னோபால் என்ற திறந்த மென்பொருள் தொகுப்பில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது, சில நேரம் வெட்டக் கூடாததையும் வெட்டும், இருந்தாலும் எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

அப்புறம் யூனிகோடு, அதாவது கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுவான குறியீட்டு முறை. "கொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் கால் குறியும் என இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. ஆவணத்தையும் கேள்வியையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரு வரியில் முடிந்துவிடும், அதைச் செய்யாமல் "தேடல் சரியில்லை" என்று மாடலைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இருந்தால் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றாதவரை எந்த மாடலுக்கும் அது வெறும் குப்பை எழுத்துதான்.

பொருள் தேடலுக்குப் பன்மொழி மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும், ஆங்கிலத்துக்கு மட்டும் பயிற்சி பெற்றது இங்கே உதவாது. கூகுளின் லாப்சே 109 மொழிகளுக்கானது, தமிழும் அதில் உண்டு. நல்ல பன்மொழி மாடலில் "லீவு" என்று கேட்டவருக்கு விடுப்பு விதிகளும் வரும், ஆங்கிலத்தில் இருக்கும் சுற்றறிக்கையும் வரும், இது சொல் பொருத்தத்தால் ஆகவே ஆகாத காரியம். ஆனால் இந்த மாடல்கள் எழுத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கும், அதே விஷயத்தைச் சொல்ல ஆங்கிலத்தை விடத் தமிழுக்கு அதிகத் துண்டுகள் தேவைப்படும். பெர்ட் வகை மாடல்கள் பலவற்றுக்கு 512 துண்டுதான் வரம்பு. அதற்கு மேல் இருப்பதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், பிழை என்று எதுவும் காட்டாது, உங்கள் பதில் ஆவணத்தின் இரண்டாம் பாதியில் இருந்தால் அது வெக்டருக்குள்ளேயே போயிருக்காது. ஆகவே நீளமான ஆவணங்களைப் பத்தி பத்தியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வெக்டர் எடுப்பதே நல்லது, பிரிக்கும்போது ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஆவணத்தின் தலைப்பை ஒட்டிவிடுங்கள். "மேற்படி தொகை 30 நாட்களுக்குள் வழங்கப்படும்" என்ற பத்தி தனியாக நின்றால் எந்தத் தொகை என்று மனிதனுக்கே தெரியாது.

எங்கிருந்து தொடங்குவது

மாடலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கேள்விகளைச் சேருங்கள். நீங்களாகக் கற்பனை செய்தவை வேண்டாம், நாம் கற்பனை செய்யும்போது ஆவணத்தில் இருக்கும் சொற்களே நம் வாயில் வந்துவிடும். ஏற்கெனவே ஒரு தேடல் பெட்டி இருந்தால் அதன் பதிவேட்டில் மக்கள் நிஜமாகவே தட்டியவை இருக்கும், எழுத்துப் பிழையோடு, பாதி ஆங்கிலத்தோடு, அரைகுறையாக. அவற்றில் ஐம்பதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான ஆவணம் எது என்று விஷயம் தெரிந்த ஒருவரிடம் குறித்து வாங்குங்கள். ஆள் கிடைப்பதும் கஷ்டம், வேலையும் அலுப்பு, ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

பிறகு சொல் பொருத்தம் மட்டும், பொருள் தேடல் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று முறை ஓட்டி, எத்தனை கேள்விக்குச் சரியான ஆவணம் முதல் பத்துக்குள் வந்தது என்று எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல், சொல் பொருத்தம் கண்டுபிடித்துப் பொருள் தேடல் தவறவிட்டவற்றையும், அதன் மறுபக்கத்தையும் தனித்தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் எண்களும் பெயர்களும் குவிந்திருக்கும், இன்னொரு பக்கத்தில் சுற்றி வளைத்துக் கேட்ட முழு வாக்கியங்கள் குவிந்திருக்கும். இரண்டு குவியலும் ஓரளவு பெரிதாக இருந்தால் இணைத்த தேடல் நிச்சயம் பலன் தரும். ஒரு குவியல் கிட்டத்தட்டக் காலி என்றால், உதாரணமாக உங்கள் ஆட்கள் கோப்பு எண்ணை மட்டுமே தட்டுகிறவர்கள் என்றால், வெக்டர்களைச் சேமித்துத் தேடும் டேட்டாபேஸ் எதுவும் வாங்காமல் பிஎம்25ஐயும் ஒரு ஒத்தசொல் பட்டியலையும் வைத்தே ஓட்டிவிடலாம்.